மீண்டும் கொடி நட்டவர்கள்

பெரும்போர் ஒன்றினால் வீடும் விளைநிலமும் உற்றாரும் ஒருங்கே அழிந்துபோக, உயிர் ஒன்றே மிஞ்சியவனாய்த் தன் ஊருக்குத் திரும்பிவரும் மனிதன் முதன்முதலாக எந்தக் காரியத்தில் கைவைப்பான் என்னும் வினா நெடுங்காலமாக என் உள்ளத்தில் இருந்துவருகிறது. கூரை வேய்வான் என்பர் சிலர். இறந்தோரை அடக்கம் செய்வான் என்பர் சிலர். வரும் பருவத்துப் பசிக்கு ஏதேனும் தானியம் விதைப்பான் என்பதே பெரும்பாலோர் அபிப்பிராயமாக இருக்கும். இவையாவும் இயல்பே. ஆனால், மூன்றாண்டுகளேனும் பொறுத்திருந்தாலன்றிப் பலன் தராத ஒரு கொடியை, அக்கொடியைப் பகைவன் வெட்டிச் சாய்த்த அதே மண்ணில் மறுபடியும் நடுவதற்கு ஒருவன் குழி தோண்டுவானாயின், அவன் நெஞ்சில் ஓடும் எண்ணம் யாதாக இருக்கக்கூடும்? ஜார்ஜியா தேசத்தின் கீழ்த்திசைப் பகுதியாகிய காகெத்தியில் ஒரு பகற்பொழுது சுற்றிவந்தபோது, அதுவரை ஏட்டளவில் இருந்த இவ்வினா கையால் தொட்டுப் பார்க்கத்தக்கதாயிற்று.

திபிலிசி நகரிலிருந்து காகெத்திக்குச் செல்லும் யாத்திரிகர் பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியே சிக்நாகி என்னும் மதில் சூழ்ந்த சிற்றூருக்குப் போய், பெரிய மது ஆலை ஒன்றில் வரிசையாக வைத்த கிண்ணங்களைச் சுவைத்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். நாங்கள் அவ்வழியை விட்டுக் கொம்போரிக் கணவாயின் வழியே சென்றோம். வண்டி ஓட்டியவர் தெலாவி ஊர்க்காரர். அவரே எங்களுக்குத் துபாஷியுமானார். சித்திரை மாதத்திலும் உச்சியில் சாலையோரத்துப் பனி முற்றும் கரையவில்லை. இறக்கத்தில் மரங்கள் விலகியதும் அலசானி ஆற்றின் அகன்ற சமவெளியும், அதற்கு அப்பால் வடதிசை முழுவதையும் அடைத்து நிற்கும் காக்கசஸ் மலைத்தொடரின் வெண்மையும் ஒருங்கே தோன்றின. அச்சமவெளியில் கண்ணுக்கெட்டிய வரையில் திராட்சைத் தோட்டங்களே.

முதலில் நாங்கள் நின்ற இடம் இகால்தோ. ஆறாம் நூற்றாண்டில் சிரியாவிலிருந்து வந்த துறவிகளுள் ஒருவராகிய சேனோன் என்பவர் நிறுவிய மடம் அது. ஜார்ஜிய மன்னர் தாவீதின் காலத்தை ஒட்டி, பன்னிரண்டாம் நூற்றாண்டில், அங்கே ஒரு பெரிய வித்தியாபீடம் நடந்தது. ஜார்ஜியரின் மகாகவியாகிய ஷோதா ருஸ்தவேலி அங்கே கல்வி பயின்றார் என்பது அந்நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஐதிகம். வேதாந்த விசாரம், வான சாஸ்திரம், க்ஷேத்திர கணிதம், சொல்லாட்சிக் கலை ஆகியவற்றோடு குயத்தொழிலும், உலோக வேலையும், திராட்சை வளர்ப்பும், மது வடித்தலும் அங்கே பாடங்களாக இருந்தன என்று கேட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. அறிவை உயர்ந்ததென்றும் தாழ்ந்ததென்றும் கூறுபோடாத ஆசிரியர்கள் அவர்கள். இன்று அவ்வித்தியாபீடத்துக்குக் கூரை இல்லை. சாளரங்களின் வளைவுகள் நிற்கின்றன. அவற்றினூடே வானம் தெரிகிறது. சுவரோரத்துப் புல்லில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மண் தாழிகள், சில முழுமையாகவும் சில விலாப்புறம் உடைந்தும், பக்கவாட்டில் கிடக்கின்றன.

1616-ஆம் ஆண்டில் பாரசீகச் சக்கரவர்த்தி ஷா அப்பாஸின் படை அவ்வித்தியாபீடத்துக்குத் தீயிட்டது. காகெத்தியின் அரசராகிய முதலாம் தெய்முராஸ் தமக்கு அடங்கி நடவாமையால் சினங்கொண்ட ஷா, அரசரைத் தண்டிப்பதற்குப் பதிலாக நாட்டையே தண்டித்தார். ஊர்கள் எரிந்தன, திராட்சைக் கொடிகள் வெட்டப்பட்டன, பல்லாயிரக்கணக்கான குடிகள் கூட்டங்கூட்டமாகப் பாரசீகத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். இஸ்பகானுக்கு மேற்கே ஃபெரெய்துன்ஷகர் என்னும் மலையூரில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் ஜார்ஜிய மொழி பேசி வாழ்கின்றனர். அழிவுக்குத் தப்பியவர்களே இச்சமவெளியில் மறுபடியும் கொடி நட்டவர்கள். இகால்தோவின் வித்தியாபீடம் பின்னர் ஒருபோதும் பழைய நிலையை அடையவில்லை. ஆயினும், அங்கே கற்பிக்கப்பட்ட பாடங்களுள் ஒன்று, ஆசிரியரும் ஏடும் இன்றியே, சுற்றுக் கிராமங்களில் இந்த ஆண்டு வரையில் நடந்துகொண்டிருக்கிறது. ஏட்டில் எழுதிய பாடம் தீக்கு இரையாயிற்று. கையில் பழகிய பாடத்தைக் கொளுத்தத் தீவைத்தவனால் இயலவில்லை. சரித்திரத்தைக் கட்டடங்களில் மட்டும் தேடும் பழக்கமுடைய எனக்கு, அன்று பார்த்தவற்றுள் இதுவே பெரிய செய்தியாகத் தோன்றியது.

அங்கிருந்து அலவெர்தி அதிக தூரமில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அப்பேராலயம், ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துடன், சமவெளியில் தனித்து நிற்கிறது. பல காத தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே அலங்காரம் குறைவு. உயரமே அதன் அலங்காரம். சோவியத் ஆட்சியில் வெளியேற்றப்பட்ட துறவிகள் திரும்பிவந்து, மடத்தின் நிலவறைத் தாழிகளைச் செப்பனிட்டு, இந்நூற்றாண்டில் மறுபடியும் மது வடிக்கின்றனர். வழிபாட்டுக்குரிய மதுவைத் தம் கையாலேயே விளைவிப்பது அவர்களுக்குத் தவத்தின் ஓர் அங்கம்.

அலவெர்தியில் நான் நினைத்துக்கொண்டு நின்றது ஓர் அரசியைப்பற்றி. தெய்முராஸின் அன்னையாகிய கேதெவான், நாட்டைக் காக்கும் பொருட்டு 1614-இல் ஷா அப்பாஸிடம் தூது சென்று, பிணையாகவே சிறைப்பட்டு, ஷீராஸ் நகரில் பத்தாண்டுகள் கழித்தார். மதம் மாற மறுத்தமையால், 1624-இல் கொடிய சித்திரவதைக்கு உட்பட்டு உயிர் நீத்தார். அக்காலத்தில் ஷீராஸிலிருந்த போர்த்துக்கேய அகஸ்தீனியத் துறவிகள் அவருடைய உடலின் எச்சங்களை மறைவாக எடுத்துப் பாதுகாத்தனர். ஒரு பகுதி ஜார்ஜியாவுக்கு வந்து அலவெர்தியில் அடக்கமாயிற்று என்பது வழங்கிவரும் செய்தி. மற்றொரு பகுதி நம் கோவாவுக்கு வந்தது. பழைய கோவாவின் புனித அகஸ்தீன் ஆலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிந்து மண்மேடாயிற்று. போர்த்துக்கேயப் பழஞ்சுவடிகளின் குறிப்பைத் துணைக்கொண்டு நம் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து கண்ட எலும்பை, ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தார் மரபணு முறையில் ஆராய்ந்து, அது அவ்வரசியுடையதாகவே இருத்தல் கூடும் என்று 2013-இல் கண்டனர். 2021-இல் இந்திய அரசு அதனை ஜார்ஜியாவுக்கு வழங்கியது.

கையில் பழகியதே நிலைக்கும் என்ற என் எண்ணத்துக்கு இந்நிகழ்ச்சி எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். மண்ணுக்கடியில் மறந்து கிடந்த பொருளன்றோ நானூறு ஆண்டு நிலைத்தது! ஆனால் அதனைத் தேடும்படி கேட்டவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் செப்டம்பர் 26-ஆம் நாள் அவ்வரசியின் நினைவைக் கொண்டாடி வந்த ஜனங்கள்தாம், கடல் கடந்து வந்து, தங்கள் அன்னை எங்கே என்று பல்லாண்டுகள் விடாமல் கேட்டனர். அந்தக் கேள்வி ஓய்ந்திருந்தால், எலும்பு எலும்பாகவே மண்ணில் கிடந்திருக்கும்.

கிரேமியில் நாங்கள் அதிக நேரம் தங்கவில்லை. 1466 முதல் ஒன்றரை நூற்றாண்டு காலம் காகெத்தியின் ராஜதானியாக விளங்கி, வணிகச் சாத்துகள் வந்து தங்கிய பட்டணம் அது. ஷா அப்பாஸ் அழித்தபின் தலையெடுக்கவில்லை. குன்றின்மேல் லெவான் மன்னர் 1565-இல் கட்டிய ஆலயமும் கோபுரமும் மட்டும் செங்கல் நிறம் மங்காமல் நிற்கின்றன.

பிற்பகலில், தெலாவிக்கு அருகே ஒரு குடியானவர் இல்லத்துக்குச் சென்றோம். வண்டிக்காரருக்கு உறவுமுறை. எழுபது வயது கடந்த அப்பெரியவர் எங்களை வீட்டுக்குள் அழைப்பதற்கு முன்பே முற்றத்தின் ஓரத்திலிருந்த மரானிக்குத்தான் அழைத்துச் சென்றார். மரானி என்பது மது வடிக்கும் கொட்டகை. உள்ளே பாண்டங்கள் எவையும் கண்ணுக்குத் தென்படவில்லை. மண் தரையில் வட்டமான கல் மூடிகள் மட்டும் ஆங்காங்கே இருந்தன. குவெவ்ரி என வழங்கும் தாழிகள் கழுத்துவரை பூமிக்குள் புதைந்திருந்தன. சக்கரமின்றிக் கையாலேயே வளையம் வளையமாக நாட்கணக்கில் சுவரை உயர்த்தி, சூளையில் சுட்டு, சூடு ஆறுமுன் உட்புறத்தில் தேன்மெழுகு பூசிச் செய்யப்படுபவை அவை. இலையுதிர் காலத்தில் பழங்களை மிதித்துப் பிழிந்த சாறும், தோலும், விதையும், காம்பும் ஒருங்கே உள்ளே சேர்கின்றன. நுரைத்துப் பொங்கும் நாட்களில், மேலே மிதந்துவரும் தோலை நாள்தோறும் பலமுறை கோலால் அமிழ்த்துகின்றனர். பொங்குதல் அடங்கியபின் மூடியிட்டு ஈரக்களிமண்ணால் மெழுகிவிட்டால், வசந்தம் வரை ஒருவரும் தொடுவதில்லை. குறுகிய அடியில் விதைகள் படிந்து, மண்ணின் மாறாத குளிர்ச்சியில், மது தானே தெளிகிறது. வெள்ளைத் திராட்சையிலிருந்து வருவதுகூட இம்முறையில் தேன்நிறம் பெற்றுவிடுகிறது. திபிலிசிக்குத் தெற்கே கண்டெடுத்த பானை ஓடுகளில் கி.மு. 6000 அளவிலேயே திராட்சை மதுவின் அடையாளங்கள் இருந்ததை 2017-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இத்தாழி முறையை யுனெஸ்கோ 2013-இல் மானிட குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது.

நாங்கள் சென்ற வேளையில் ஒரு தாழி காலியாகியிருந்தது. அதனுள் பெரியவருடைய பேரன், பதினைந்து வயதிருக்கும், இறங்கி நின்று, செர்ரி மரப்பட்டைகளை அடுக்கிக் கட்டிய துடைப்பத்தால் உட்சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது தலை மட்டுமே. பெரியவர் மண்டியிட்டுத் தாழியின் வாயருகே காதை வைத்துத் துடைப்பம் எழுப்பும் ஒலியைக் கேட்டார். ஓரிடத்தில் ஏதோ சொன்னார். பையன் அதே இடத்தை மறுபடி தேய்த்தான். அழுக்குத் தங்கிய இடத்தில் ஒலி வேறாக இருக்குமாம்.

அடுத்த தாழியின் மண்ணை அகற்றி, நீண்ட காம்புடைய சுரைக்குடுவையால் முகந்து, மேசைக்குக் கொண்டுவந்தனர். மதுவிலக்கை அறமாகக் கொண்ட இல்லத்தில் வளர்ந்தவன் நான். குடியினால் நம் நாட்டு ஏழைக் குடும்பங்கள் படும் பாட்டைக் கண்டவனாதலால், மதுவின் புகழ் பாட எனக்கு விருப்பமில்லை. ஆயினும் அம்மேசையில் நான் கண்டது வேறு. ஒருவரும் சொல் இன்றிக் கிண்ணத்தை உதட்டில் வைக்கவில்லை. தமாதா என்னும் விருந்துத் தலைவர் எழுந்து ஒரு பொருளைப்பற்றிப் பேசி முடித்த பின்னரே பருகினர்: முதலில் கடவுளுக்கு, பின் அமைதிக்கு, பின் இறந்துபோனோருக்கு. இறந்தோரை நினைக்கையில் பெரியவர் தம் ரொட்டித் துண்டின்மேல் சில துளிகளைச் சொட்டவிட்டு, தம் தந்தையின் பெயரையும், அவர் தந்தையின் பெயரையும், தாம் முகமறியாத முன்னோர் இருவர் பெயரையும் சொன்னார். நான் ஒரு மிடறு மட்டும் அருந்தினேன். தேயிலையின் துவர்ப்பும், வாதுமையின் மணமும், சற்றே மண்வாசனையும் இருந்தன. என் முன் கிண்ணத்தை நிரப்ப ஒருவரும் வற்புறுத்தவில்லை.

இக்குடும்பங்களுக்கு வந்த சோதனைகள் ஷா அப்பாஸோடு முடியவில்லை. சோவியத் காலத்தில் பெரிய ஆலைகள் அளவை நாடி, சில வகைக் கொடிகளை மட்டும் பெருக்கின. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உள்நாட்டு வகைகளுள் பல அருகிப்போயின. 1985-இல் கோர்பச்சேவ் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. 2006-இல் ருஷியா ஜார்ஜிய மதுவைத் தடைசெய்து ஏழாண்டு வரையில் சந்தையை மூடியது. இத்தனைக்கும் நடுவே, வீட்டுக் கொல்லையில் நாலு வரிசைக் கொடியும், கொட்டகையில் ஒரு தாழியும் விடாமல் வைத்திருந்தவர்களாலேயே இக்கலை பிழைத்தது. பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தும் அடுப்பின் மேல் கோட்டையாகத் தொங்கும் விதைநெல்லைத் தொடாத நம் உழவரை நினைத்துக்கொண்டேன்.

முன்னோரிடமிருந்து நமக்கு வருவனவற்றை நாம் பெரும்பாலும் பொருள்களாகவே எண்ணுகிறோம். பத்திரமாகவும், நகையாகவும், சுவரில் மாட்டிய படமாகவும் பூட்டி வைக்கிறோம். பூட்டி வைத்ததற்கு நம்மிடம் அது கேட்பது ஒன்றுமில்லை; ஆதலால் நாளடைவில் நம்மோடு அதற்கு உறவும் இல்லை. ஆண்டுக்கொருமுறை நம் கையின் உழைப்பைக் கேட்கும் பொருளோ நம்மை மறக்கவிடுவதில்லை. அந்தப் பையன் தாழிக்குள் நின்று தேய்த்தபோது அவன் பாட்டனாரின் பாட்டனாரைப் பற்றி எண்ணியிருக்கமாட்டான். ஆனால் அவருடைய வேலையை அவன் செய்துகொண்டிருந்தான். நினைவு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதைவிட இது ஆழமானது என்றே கருதுகிறேன்.

புறப்படும் முன் பெரியவர் கொல்லைப்புறத்துச் சரிவைக் காட்டினார். முந்தைய கோடையின் ஆலங்கட்டி மழையில் ஒரு பாத்தி பாழாகி, அங்கே புதிய நாற்றுகள் கழியோடு கட்டப்பட்டிருந்தன. நல்ல மகசூலுக்கு ஐந்தாண்டு ஆகும் என்றார். தம் வயதைப்பற்றிப் பேசவில்லை. எங்கள் நாட்டில் திராட்சை உண்டா என்று வினவினார். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளைகிறது என்றும், ஓராண்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறுவடை செய்கின்றனர் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை, குளிர்காலமே இல்லாத ஊரில் கொடி எப்போது உறங்கும் என்று கேட்டார். கவாத்துச் செய்பவனின் கத்திதான் அங்கே குளிர்காலம் என்று வண்டிக்காரர் மூலமாக விளக்கினேன். உடனே அவர் இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்து ஒரு பழைய கொடியைப் பிடித்துக்கொண்டு, எத்தனையாவது கணுவில் வெட்டுவார்கள், இங்கேயா, இங்கேயா என்று ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக் கேட்கத் தொடங்கினார். பேரனும் ஈரக் கையோடு வந்து அருகில் நின்றுகொண்டான்.