முழங்கால் வலியும் காந்தஹாரும்

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் போயிருக்கிறீர்களா? பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்பும். பத்து மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் குஷிதான். போர்வையைப் பிரிப்போம், ஹெட்போனை எங்கே செருகுவது என்று தடவுவோம், ஊரே தூங்கும் நேரத்தில் 'வெஜ்ஜா, சிக்கனா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வோம். அப்புறம் முன்சீட்டுக்காரர் தன் சீட்டைப் பின்னால் சாய்ப்பார். நம் முழங்கால் காலி!

2018-ல் ஃபிராங்க்ஃபர்ட் போனபோது எனக்கு இதுதான் நடந்தது. தூக்கம் போச்சு. எதிரே இருந்த திரையில் மேப்பைப் போட்டேன். உயரம் 36,000 அடி, வெளியே மைனஸ் 50-க்கும் கீழே. குட்டி விமானம் நகர்ந்துகொண்டே இருக்க, பக்கத்தில் ஒரு பெயர்: காந்தஹார்.

மகள் பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து சீட்டு அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, நம்ம பிளேனைக் கடத்திட்டுப் போனாங்களே, அந்த ஊரா?"

"அதேதாம்மா. 1999-ல."

"இப்பவும் அங்க சண்டைதானே?"

"ஆமாம்மா."

"நாம மேல போறது அவங்களுக்குத் தெரியுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

ஆடம் ஸ்மித்தைப் பொருளாதார மேதையாகத்தான் நமக்குத் தெரியும். மனுஷன் 1759-லேயே ஒழுக்கம் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பூகம்பத்தில் சீனா மொத்தமும் அழிந்தது என்று கேள்விப்படும் ஓர் ஐரோப்பியன், கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவான். நாளைக்கு அவன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான் என்கிறார். அத்தோடு நிறுத்தவில்லை. 'சுண்டுவிரலைக் காப்பாற்ற அத்தனை பேரைச் சாகவிடுவாயா?' என்று கேட்டால் அதே ஆள் பதறிப்போய் மறுப்பான் என்றும் சொல்கிறார். வாஸ்தவம். ஆனால் அந்தக் கேள்வியை நம்மிடம் யாரும் கேட்பதில்லையே! அதுதான் நமக்கு வசதி.

நாம் அவர்களுக்கு முற்றிலும் அந்நியரும் இல்லை. ஒரு நாட்டின் வானத்தைத் தாண்ட விமான கம்பெனி கட்டணம் கட்ட வேண்டும். அது நம் டிக்கெட்டிலிருந்துதான் போகிறது. அவர்கள் வானத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு, தரையைப் பற்றி எதுவும் கேட்காமல் போகிறோம்.

அந்த 36,000 அடியும் ஒன்றும் கோட்டைச் சுவர் இல்லை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் சண்டை நடந்தபோது, 32,000 அடிவரைதான் வான்வெளியை மூடியிருந்தார்கள். ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன விமானம் 33,000 அடியில் பறந்தது. ஆயிரம் அடி மேலே! விதிப்படி எல்லாமே சரி. கீழேயிருந்து வந்த ஏவுகணையில் 298 பேரும் இறந்தார்கள். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்கமாக 160 விமானங்கள் பறந்திருந்தன. அவற்றிலும் என்னைப் போல யாராவது முன்சீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

சரி, காந்தஹார்க்காரருக்காக நான் என்னதான் செய்திருக்க முடியும்? ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அந்த அம்மா அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஜன்னல் மூடியைக் கொஞ்சம் தூக்கி, இருட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அங்கயும் யாராவது பிள்ளை பெத்துக்கிட்டிருப்பா" என்றார்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டேன். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன்.