நோயாளியிடம் மறைப்பது நியாயமா?



ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னவுடன், பல வீடுகளில் எழும் முதல் வேண்டுகோள், "அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்பதே. பிறகு கீமோதெரபி தொடங்குகிறது. "ரத்தம் ஊறச் சத்து மருந்து ஏற்றுகிறார்கள்" என்று நோயாளியிடம் சொல்லிவைக்கிறார்கள். அன்பினாலேயே இப்படிச் செய்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அன்பு இருப்பதனாலேயே ஒரு செயல் நியாயமாகிவிடுமா?

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1961-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சிக்காகோ ஆஸ்பத்திரி ஒன்றின் வைத்தியர்களில் நூற்றுக்கு 90 பேர், நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்ல விரும்பவில்லை என்றனர். அதே கேள்வியைக் கேட்டு 1979-ல் அந்நாட்டில் வெளியான மற்றோர் ஆய்விலோ, நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினர். கற்றறிந்தவர்களே தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொண்ட விஷயம் இது.

கீமோதெரபி மருந்து, வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவது. புற்று அணுக்கள் அத்தகையவை. ஆனால் மயிர்க்கால்களிலும், வாயின் உட்புறத்திலும், குடலிலும், எலும்பு மஜ்ஜையிலும் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்கள் உண்டு. ஆகவேதான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வயிறு கெடுகிறது. மஜ்ஜை தளர்வதால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைகின்றன. பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் அவை மிகவும் குறைந்திருக்கும். அச்சமயம் 100.4 டிகிரி ஜுரம் கண்டால், நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சத்து மருந்து என்று நம்பியிருப்பவர் அன்றிரவு என்ன செய்வார்? "சாதாரண ஜுரந்தானே, பிள்ளைகளை ஏன் எழுப்புவது?" என்று ஒரு மாத்திரையை விழுங்கிப் படுத்துக்கொள்வார். விடிவதற்குள் நிலைமை கைமீறிப் போகலாம். அவரைக் காக்கச் சொன்ன பொய்யே அவருக்கு ஆபத்தாக முடிகிறது.

"உண்மையைக் கேட்டால் உடைந்துபோவாரே!" என்பார்கள். நியாயமான அச்சமே. ஆனால் முடி கொத்தாக உதிரும்போது காரணம் அறியாமல் தனியே நடுங்குவது சிறிய துன்பமா? முடி பெரும்பாலும் மீண்டும் வளரும், வாந்தியைத் தடுக்க மருந்து உண்டு என்ற ஆறுதலைக்கூட, உண்மையை மறைத்தவர்கள் சொல்ல முடியாதே! பலர் தாமாகவே ஊகித்துக்கொண்டு, வீட்டாருக்காக ஒன்றும் அறியாதவர்போல் நடிப்பதும் உண்டு. ஒரே கூரையின் கீழ் இருந்தும் மனம்விட்டுப் பேச ஒருவருமில்லை.

உண்மை சொல்வதென்றால், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடுவதன்று. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே கேட்கலாம். "என் மகனிடம் சொல்லுங்கள், போதும்" என்றால், அதுவும் அவருடைய உரிமையே. அப்போதும், ஜுரம் வந்தால் உடனே எழுப்ப வேண்டும் என்பதை அவரிடம் சொல்லாமல் விடலாகாது. சிறிது சிறிதாகச் சொல்வது விவேகம். பொய் சொல்வது வேறு.

வீடு, நிலம், பிள்ளைகளின் கலியாணம் எல்லாவற்றிலும் தாமே முடிவு செய்த பெரியவரை, அவருடைய உடலைப் பற்றிய காரியத்தில் மட்டும் குழந்தையாக்கலாமா? அடுத்த முறை வைத்தியர் அழைக்கும்போது, நோயாளியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் உள்ளே போகாதிருப்போமாக.