தாகம் ஆசையா?

டயாலிசிஸ் வார்டில் நோயாளிகள் வலியைச் சொல்லி முனகுவதைவிடத் தண்ணீர் கேட்பதுதான் அதிகம். சிறுநீர் அறவே நின்றுபோனவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் சுற்றித்தான் அனுமதி. காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். அவர் கட்டிலை ஒட்டியிருக்கும் மெஷினில் நான்கு மணி நேரத்தில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. “ஒரு வாய் குடுங்க சிஸ்டர்” என்று அவர் கெஞ்சும்போது கூட வந்த மகள் அதட்டுவாள்: “வாயைக் கட்டுப்பா. இதுகூடவா பொறுக்க முடியல?”

தாகமும் ஓர் ஆசை, அதை அடக்க முடியாதவர் மனவலிமை இல்லாதவர் என்ற எண்ணம் அந்த அதட்டலில் இருக்கிறது. நான் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். துணியில் வடிகட்டாத தண்ணீரைப் பாட்டி குடித்ததில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் வடிகட்டிய தண்ணீரும் கிடையாது. அடக்கத்தின் பெருமை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மகள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் உடம்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு தண்ணீர். ரத்தத்தின் உப்புச்செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். தண்ணீரை வெளியே விடாதே என்று ஹார்மோன் வழியாகச் சிறுநீரகத்துக்குச் சொல்லும், நமக்குத் தாகத்தைக் கிளப்பும். ஆரோக்கியமான சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியேற்றுகின்றன. இவருக்கு அந்த வேலை நின்றுவிட்டது, தாகம் நிற்கவில்லை. மத்தியானம் தொட்டுக்கொண்ட ஊறுகாய்க்கு ராத்திரி நாக்கு வறண்டே தீரும். அவர் மனம் அதை வரவழைக்கவில்லை, விரட்டவும் அதற்கு வழியில்லை.

எங்கள் சமயம் இதைச் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது. கோபம், மானம், மாயை, லோபம் ஆகிய நான்கும் கஷாயங்கள், உயிரில் ஒட்டும் அழுக்கு. அவற்றை வெல்ல வேண்டும். தாகமோ பசியோடும் குளிரோடும் 22 பரீஷகங்களில் ஒன்று, அதாவது வந்து சேரும் துன்பம். துன்பப்படுகிறவரைக் குற்றவாளி ஆக்குவது எந்த அறம்?

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறை இருக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. டயாலிசிஸ் வார்டு வேலைக்கு வந்தபின் அந்த 57 எனக்கு வேறொன்றையும் சொல்கிறது. தண்ணீரும் இல்லாவிட்டால் மனித உடம்பு சில நாள்தான் தாங்கும். ஆகவே அவர் பல நாள் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். சமந்தபத்திரரின் ரத்தினகரண்டக சிராவகாசாரம் சொல்லும் முறையும் இதுவே: முதலில் உணவை விடுவது, பிறகு பாலை, தண்ணீரைக் கடைசியில். அத்தனை பெரிய துறவியும் உடம்போடு மெல்ல மெல்லத்தான் விடைபெற்றார். அதுவும் தாமே விரும்பி எடுத்த நோன்பு. இந்த அப்பா எந்த நோன்பும் எடுக்கவில்லை. அவர் சார்பில் மகள் எடுக்கவும் முடியாது.

அளவை மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு திணறும். அதனால் கேட்டதெல்லாம் கொடுக்க முடியாது. அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சொல்வேன்: “ஏம்மா, அப்பாவைத் திட்டாதே. குழம்பில் உப்பைக் குறை. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடு. ரொம்பத் தவித்தால் ஒரு ஐஸ் துண்டு கொடு. அதையும் கணக்கில் எழுதிக்கோ.”