மேட்டு நிலத் தோட்டம்



திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் 264, 265 ஆகிய இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டிலும் மண் பேசப்படுகிறது. இரண்டிலும் பெருமழை பொழிகிறது. முதல் வசனத்தில் ஒரு வழுக்குப் பாறை. அதன்மேல் மெல்லிய மண் படிந்திருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் நிலம்தான். மழை ஓங்கிப் பெய்ததும் மண் முழுவதும் வழிந்தோடி, வெறும் பாறை மிஞ்சுகிறது. பிறர் பார்க்க வேண்டுமென்று கொடுப்பவனுக்கும், கொடுத்ததைச் சொல்லிக் காட்டி மனத்தைப் புண்படுத்துபவனுக்கும் அல்லாஹுத்தஆலா இதை உவமையாக்குகிறான்.

அடுத்த வசனத்தில் மேட்டு நிலத்தில் அமைந்த ஒரு தோட்டம். அதே பெருமழை அதன்மீதும் பெய்கிறது. அங்கே விளைச்சல் இரு மடங்காகிறது. பெருமழை இல்லாமற் போனால் சிறு தூறலே அதற்குப் போதுமானதாகிறது. அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடி, உள்ளத்தில் உறுதியோடு கொடுப்பவர்களுக்கு இது உவமை.

மழை ஒன்றுதான். ஓரிடத்தில் அது அழித்தது, மற்றோரிடத்தில் வளர்த்தது. மழை வந்து விழுந்த இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இவ்வசனங்கள் தர்மத்தைப் பற்றியவை. விவசாயப் பாடம் சொல்ல இறங்கியவை அல்ல. ஆயினும், மண்ணைக் கையால் அள்ளியவருக்கு இவ்வுவமை விளங்குவது போல் மற்றவருக்கு விளங்குவதில்லை. ஆகவே, வீட்டுக் கொல்லையில் மேட்டுப்பாத்தி கட்டிக் காய்கறி வளர்ப்பதைப் பற்றியும், அதில் மறைந்திருக்கும் மார்க்கக் கடமைகளைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம்.

மேடு ஏன்?

நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களை எண்ணிப் பாருங்கள். கோடையில் ஊற்றும் தண்ணீர் மணலில் நில்லாமல் இறங்கிவிடுகிறது. எருவின் சத்தும் அதோடு போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ தாழ்ந்த கொல்லைகளில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால், செடி நீருக்குள்ளேயே வாடி அழுகும். சில இடங்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகை மாவட்டத்துக் கரையோர வயல்களில் கடல்நீர் புகுந்து உப்பேறியதை நாம் மறந்துவிடவில்லை.

இத்தகைய நிலத்தில் நல்ல மண்ணைக் கொண்டுவந்து உயர்த்திக் கட்டுவதே வழி. மேட்டில் தண்ணீர் தேங்காது. எருக் கலந்த மண் ஈரத்தை விடாது. பெருமழையும் தாங்கும், தூறலும் போதும். திருமறை சொன்ன மேட்டு நிலத்தின் இரு தன்மைகளையும் நம் கொல்லைப் பாத்தியில் சிறிய அளவில் கண்ணாரக் காணலாம்.

பாத்தியின் அகலம் 3 முதல் 4 அடிக்கு மேற்படலாகாது. இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். மண்ணில் கால் படக் கூடாது. மிதிபட்ட மண் இறுகிவிடும். கீரைகளுக்கு அரை அடி உயரம் போதும். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய்க்கு ஓர் அடி வேண்டும். சுற்றிலும் செங்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கினாலே போதும். தண்ணீர் வடிய வழி இருக்கும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, மணல் அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எனக் கலக்கலாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பைப் போக்கிவிட்டே சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் நல்லது. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் அடைமழை வருமுன் செடிகள் வேரூன்றிவிடும். சிறுகீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வந்துவிடும். பாத்தியின் ஓரத்தில் அவரை, புடலை, பாகல் ஊன்றிப் பந்தலேற்றலாம். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனத்தில், தான் படைத்த தோட்டங்களைக் கூறும்போது பந்தலில் படர்பவை, படராதவை என்று அல்லாஹ் பிரித்தே கூறுகிறான்.

மண்ணும் எருவும் தண்ணீரும்

முதலாவது, மண் ஹலாலாக வர வேண்டும். பிறர் நிலத்திலிருந்தோ, ஊர்ப் பொதுக் குளத்திலிருந்தோ அனுமதியின்றி அள்ளி வந்து பாத்தி கட்டுவது கூடாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. கூடை மண்தானே என்று எண்ணுபவர் இதை நினைவில் கொள்ளட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதம் பெறட்டும்; வீடு அவர் கையில் அமானிதம். மாடியில் பாத்தி கட்ட விரும்புவோர் பாரத்தைக் கணக்கிடட்டும். ஒரு கன அடி ஈர மண் ஏறத்தாழ 45 முதல் 50 கிலோ கனக்கும். எட்டடி நீளம், நான்கடி அகலம், ஓரடி உயரமுள்ள ஒரு பாத்தி 1,400 கிலோவுக்கு மேல் வரும். தளம் தாங்குமா என்று கேட்டறியாமல் ஏற்றுவது தவக்குல் ஆகாது.

இரண்டாவது, எரு. மாட்டுச் சாணம் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். ஆனால் அதை உரமாக இடுவதை இரு மத்ஹபினரும் அனுமதிக்கின்றனர். அதில் விளைந்த காய், கீரை சுத்தமானதே. மேலே எரு ஒட்டியிருந்தால் கழுவிச் சமைக்க வேண்டும். எருவைத் தொட்டால் ஒளு முறிந்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர், முறியாது. கையிலும் துணியிலும் பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத் தொழலாம். ஸ்பெயின் நாட்டில் நம்மவர் ஆட்சி நடந்த காலத்தில், தொலைதூ (டொலேடோ) நகரின் இப்னு பஸ்ஸால் 11ஆம் நூற்றாண்டிலும், செவில் நகரின் இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டிலும் எழுதிய வேளாண்மை நூல்களில் மண் வகைகளையும் எரு வகைகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மண்ணைத் தொடுவதை அவ்வறிஞர்கள் இழிவாகக் கருதியதில்லை.

மூன்றாவது, தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்வார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மத்ஹபுகளின் கணக்கு வேறுபாட்டை அனுசரித்து, இது ஏறத்தாழ முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆகும். நம் வீடுகளில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தொழுகைக்கு எத்தனை லிட்டர் ஓடவிடுகிறோம்! ஒளுச் செய்த தண்ணீர் மீண்டும் ஒளுவுக்கு ஆகாதே தவிர, தன்னளவில் சுத்தமானதே. ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு வாய்க்கால் பாத்திக்குப் போகட்டும். ஐவேளை ஒளுவும் ஒரு கீரைப் பாத்தியை வாழவைக்கும். அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். காலையில் ஊற்றி, மண்ணின்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும்.

அண்டை வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டாதீர்கள். நம் கீரைக்கு ஊற்றிய நீர் அவர் சுவரில் ஓதமாக ஏறக் கூடாது. அண்டை வீட்டார் எவருடைய தீங்கிலிருந்து அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவராகார் என்று நபி (ஸல்) அவர்கள் சத்தியமிட்டுக் கூறியுள்ளார்கள்.

யாருக்காக விளைகிறது?

ஒரு முஸ்லிம் மரம் நட்டாலும் பயிரிட்டாலும், அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பதெல்லாம் அவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்படுவதும் ஸதகாவே என்று வருகிறது. கேட்கும்போது இனிக்கிறது. விடியற்காலையில் அணில் தக்காளியைக் கொறித்திருப்பதையும், எதிர்வீட்டுக் கோழி கீரையைக் கிளறியிருப்பதையும் காணும்போதுதான் இந்த ஹதீஸ் நம் வாயில் இருக்கிறதா, உள்ளத்தில் இருக்கிறதா என்பது தெரியும். வேலி கட்டலாம், வலை போடலாம்; தடையில்லை. அதையும் மீறிப் போனதை இழப்பு என எழுதாமல் நன்மை என எழுதிக்கொள்ளுங்கள். கோழிக்காக அண்டை வீட்டு உறவை அறுத்துவிடாதீர்கள்.

முதிய வயதில் டமாஸ்கஸ் நகரில் கன்று நட்டுக்கொண்டிருந்த அபுத் தர்தா (ரலி) அவர்களைப் பார்த்து, நபித்தோழராகிய தாங்களா இவ்வேலை செய்வது என ஒருவர் வியந்தார். அவர்கள் இதே கருத்துடைய நபிமொழியையே பதிலாகச் சொன்னார்கள் என முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

இனி, கொடுப்பது. வீட்டுத் தோட்டத்துக் காய்கறியில் ஜகாத் உண்டா என்று கேட்பவர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் காய்கறிக்கு ஜகாத் இல்லை. காய்கறிக்கும் உஷ்ரு உண்டென இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூறியிருப்பினும், குடியிருக்கும் வீட்டு எல்லைக்குள் விளைவதற்கு உஷ்ரு இல்லை என்பதே ஹனஃபீ நூல்களின் தீர்ப்பு. ஆக, சட்டம் நம்மிடம் ஒரு வெண்டைக்காயும் கேட்கவில்லை.

சட்டம் கேட்காத இடத்தில்தான் உள்ளம் சோதிக்கப்படுகிறது. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். கறி இல்லாவிட்டால் குழம்பாவது போகட்டும் என்ற அளவுக்கு அண்டை வீட்டாரின் உரிமை பெரியது. பாத்தியில் பறித்த முதல் கீரைக் கட்டு, கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போகட்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திற்குப் போகட்டும். மாற்று மதத்து அண்டை வீட்டாருக்கும் அதில் பங்குண்டு. வாடியதையும் முற்றியதையும் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென ஒதுக்க வேண்டாம் என்று திருமறை அதே அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தில் தடுக்கிறது.

கொடுத்தபின் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். “நம்ம வீட்டுப் புடலங்காய் எப்படி இருந்தது?” என்று பத்துப் பேர் நடுவில் கேட்கும் ஒரு கேள்வி போதும், பாறைமேல் மண்ணாகிவிடும். பின்னொரு நாள் சிறு பிணக்கு வரும்போது, “அன்றைக்கு நம் காயைத் தின்றவர்கள்தானே” என்று வாய் தவறினால், ஒரு வருட விளைச்சலும் மழையில் போய்விடும்.

அல்கலம் அத்தியாயத்தில் ஒரு தோட்டத்தாரின் வரலாறு வருகிறது. ஏழைகள் வந்து கேட்டுவிடக் கூடாதென்று, விடிந்தும் விடியாமலும் போய்க் கனி பறிப்பதென அவர்கள் சத்தியம் செய்துகொண்டார்கள். இரவில் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோதே தோட்டம் அழிக்கப்பட்டுவிட்டது. போய்ப் பார்த்தவர்கள் வழி தவறி வந்துவிட்டோமோ என்று திகைத்தார்கள். அவர்கள் பிறர் பொருளைத் திருடவில்லை. தம் தோட்டத்தைத் தமக்கே வைத்துக்கொள்ள நினைத்தார்கள், அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது தஞ்சை, நாகை மாவட்டங்களில் ஆண்டாண்டாய் நின்ற தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. அம்மக்கள் மீது நாம் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் சோதிக்கப்பட்டவர்கள். விளைச்சல் நம் கையில் இல்லை என்பதை மட்டும் அந்த இரவு எல்லோருக்கும் சொல்லிச் சென்றது. தோட்டத்தில் நுழையும்போது “மாஷா அல்லாஹ், லா குவ்வத்த இல்லா பில்லாஹ்” என்று சொல்லும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

மண் தாழும், நிய்யத்தும் தாழும்

மேட்டுப்பாத்தி கட்டியவர் ஒன்றைக் கவனித்திருப்பார். முதல் ஆண்டில் செங்கல் விளிம்புவரை நின்ற மண், அடுத்த ஆண்டில் சில விரற்கடை தாழ்ந்திருக்கும். யாரும் அள்ளிச் செல்லவில்லை. எரு மக்கி மண்ணோடு கலந்து அமர்ந்துவிட்டது. அறுவடை முடிந்ததும் மீண்டும் எருவிட்டு உயர்த்தாவிட்டால், சில ஆண்டுகளில் மேடு தரையோடு தரையாகிவிடும்.

நம் நிய்யத்தும் அப்படித்தான். அல்லாஹ்வுக்காகத் தொடங்கிய காரியம் நாளாவட்டத்தில் பழக்கமாகிறது; பழக்கம் பெருமையாகிறது. யாரும் எடுத்துச் செல்லாமலே இக்லாஸ் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு பட்டத்திலும் மண்ணோடு நிய்யத்தையும் புதுப்பித்துக்கொள்வோம். இது யாருக்காக என்று விதை போடும் கை ஒரு கணம் நின்று கேட்கட்டும்.

இடம் இல்லையே என்பவர் ஒரு பாத்தியேனும் போடட்டும். ஒரு பிடி விதையும் ஒரு முழ மண்ணும் கிடைக்காத வீடு குறைவு. கையில் கன்று இருக்கும்போது கியாமத் நாள் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடும்படி ஏவிய நபியின் உம்மத்தினர் நாம்.

நம் தர்மங்களைப் பாறைமேல் படிந்த மண்ணாக ஆக்காமல், மேட்டு நிலத் தோட்டமாக ஆக்கி, பெருமழையிலும் தூறலிலும் பலன் தரும்படி வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.