ஊதியமும் நன்றியும்

ஊதியம் பெற்றுக்கொண்டு கடமையைச் செய்கின்றவருக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டுமா? கடைக்காரர் பொருளைத் தருகின்றார். நாம் விலையைத் தருகின்றோம். கணக்கு அத்துடன் தீர்ந்தது. மருத்துவமனைத் தாதியும் மாதந்தோறும் சம்பளம் பெறுகின்றவரே; அவர் பணிக்கு அரசாங்கம் விலை கொடுத்துவிட்டதே, பிறகு நன்றி எதற்கு என்று கேட்பாரும் உளர். இக்கேள்வியை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து விடை காண்பதே முறையாகும்.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் கூறுவர். அது மிகைக்கூற்று அன்று. குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்கத் தவறுமானால், குறுகிய நேரத்திலேயே உயிருக்கு ஊறு விளையும் அளவிற்குக் குருதி பெருகும். அவ்வேளையில் வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையைப் பிசைந்து சுருங்கச் செய்வதும், ஆக்சிடோசின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்துவதும் பேற்றறையில் பணிபுரிவோர் கற்றுத் தேர்ந்த தொழில். அத்தொழிலுக்குத்தான் ஊதியம்.

1998ஆம் ஆண்டு, எங்கள் தலைமகள் பிறந்தபொழுது என் மனைவிக்கு இத்தகைய இடுக்கண் நேர்ந்தது. பேற்றறைக்குள் எனக்கு இடமில்லை. உள்ளே நிகழ்ந்தவற்றை அவள் பின்னர்க் கூறக் கேட்டேன். நெடுநேர வேதனைக்குப்பின் குழந்தை பிறந்தது, குருதியோ நிற்கவில்லை. மலாய்க்காரத் தாதி ஒருவர் ஒரு கையால் தம் பணியைச் செய்துகொண்டே, மறு கையால் அவள் கையைப் பற்றியிருந்தார். அவர் அறிந்த தமிழ் 'அம்மா', 'பயம் வேண்டாம்' என்னும் அளவே. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். பணிநேரம் முடிந்த பின்னும், குருதி நிற்கும்வரை அவர் அகலவில்லை.

கூடுதலாக நின்ற நேரத்திற்காகவே நன்றி என்போமானால், அது பாதி விடையே. நேரத்தை அளக்கலாம்; அளந்ததற்கு விலையும் கொடுக்கலாம். பற்றிய கையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

கனிவும் சிகிச்சையின் ஒரு பகுதியன்றோ, அது நோயாளியின் உரிமையன்றோ என்று மறுப்பவர் உண்டு. அவர் கூற்றில் உண்மை இருக்கின்றது. 2017இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. பேற்றுவேளையில் இடைவிடாத துணை பெற்றோர்க்கு இயல்பான பேறு மிகுதியாகவும், வேதனை நேரம் குறைவாகவும் அமைதல் கூடும் என்று அது கண்டது. ஆகவே, ஆதரவும் ஒரு மருந்தே.

எனினும், உரிமையும் நன்றியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கையைப் பற்றுமாறு விதி கட்டளையிடலாம். அப்பற்றுதலில் அன்பு இருக்குமாறு எவ்விதியும் கட்டளையிட இயலாது. பாடத்திட்டம் ஆசிரியரை வகுப்பறைக்குள் அனுப்பும். பின்வரிசைச் சிறுவனின் வாடிய முகத்தைக் காணும் கண்ணை அது தராது. கடனாகச் செய்வதும் கொடையாகத் தருவதும் ஒரே செயலுக்குள் இணைந்திருக்கக் கூடும். கடனுக்கு ஊதியம் ஈடாகும். கொடைக்கு நன்றியே ஈடு.

திருக்குறளின் அதிகார அடைவையும் நோக்குக. 10ஆம் அதிகாரம் இனியவை கூறல்; 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல்; 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. இன்சொல்லுக்கும் நீதிக்கும் இடையே நன்றி நிற்கின்றது. தம் இனத்தவள் அல்லாத ஒருத்திக்கு, அவள் மொழியிலேயே ஆறுதல் கூறிய அந்தத் தாதியிடம் இம்மூன்றும் ஒருங்கே பொருந்தக் காண்கின்றோம்.

அவரைப் பின்னர் நாங்கள் கண்டதில்லை. எத்தனையோ தாய்மாரைத் தாங்கிய அவர், எங்களை மறந்திருக்கவும் கூடும். செய்தவரிடமே திருப்பித் தருவதற்குரியது கடன். வழிவழியாகப் பிறருக்கு ஈவதற்குரியது நன்றி. ஓய்வின்றி உழைக்கும் தாதியரிடம் கடுஞ்சொல் கூறாதிருத்தல் அதன் முதற்படி. அவரவர் தொழிலில் அக்கனிவைக் கைக்கொள்ளுதல் அடுத்த படி.

ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி வாயிலில் தாயின் கையை விட மறுத்து அழும் முதலாம் ஆண்டுக் குழந்தையை நாம் அறிவோம். அக்குழந்தையைப் பதிவேட்டில் சேர்ப்பது நம் ஊதியத்திற்குரிய வேலை. குனிந்து, அதன் கையைப் பற்றி, 'பயம் வேண்டாம்' என்று சொல்லுவதோ, நாம் யார் யாரிடமிருந்தோ பெற்றதைத் திருப்பித் தருவதாகும்.