இறை யார், கம்பெனியா?

விடியுமுன் ராசிங்காபுரத்துப் பெண்கள் தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏலக்காட்டில் இறங்கினால், அங்கே எடுபடுவது எஸ்டேட்டின் சொல்.

தமிழில் 'இறை' என்றால் கடவுள், அரசன், வரி மூன்றும்தான். வள்ளுவரின் 'இறைமாட்சி' அதிகாரம், நீதி வழங்கிக் காக்கிறவனுக்கே அந்தப் பெயரைத் தருகிறது. கூலியும் வீடும் மருந்தும் முதலாளி கையில் என்றால் இறை யார்?

மாக்ஸ் பாரியின் 'ஜெனிஃபர் கவர்ன்மென்ட்' (2003) நாவலில் ஆட்கள் தங்கள் கம்பெனியின் பெயரையே குடும்பப் பெயராகச் சூடுகிறார்கள். கொலையை விசாரிக்கக்கூட அரசிடம் காசில்லை. செத்தவர் வீட்டாரிடம் கேட்கிறது.

எதிர்காலக் கதையாம்! இந்த மலைக்கு இது பழங்கதை. 1877-இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு அங்கே மூணாறில் தொழிலாளர் லயம், ஆஸ்பத்திரி எல்லாமே தோட்டக் கம்பெனியுடையது. 1924 வெள்ளம் அடித்துப்போகும்வரை ரயில்கூட ஓடியது. அரசரோ, குத்தகைப் பணம் வாங்குகிற இறை!

காப்பது யார் என்று கேட்க 2015 வரை ஆயிற்று. மூணாறில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியானதும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டு சாலையை மறித்தார்கள். சங்கத் தலைவர்களை அண்டவிடவில்லை. அரசு அப்போதுதான் கண் விழித்தது. அன்றைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி பேச உட்கார்ந்த பிறகு, ஒன்பதாம் நாள் 20 சதவீதம் கிடைத்தது. அதில் போனஸ் 8.33 மட்டுமே. மீதி 11.67-க்குக் கணக்கில் வைத்த பெயர் கருணைத்தொகை.