யானைத்தீ

எடையைக் குறைப்பதற்காக இரைப்பையை வெட்டிக்கொள்ளும் சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், வைத்தியம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோர் வாயிலும் ஒரு சொல் வந்துவிடுகிறது: குறுக்குவழி. இதை மருத்துவம் பற்றிய அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்புரையை அறுத்து எடுத்துக்கொண்டவனைக் குறுக்குவழியில் பார்வை பெற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. குறுக்குவழி என்று சொல்லும்போதே நேர்வழி என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறோம். அந்த நேர்வழி போய்ச் சேரும் இடம் மெலிந்த உடல் மட்டும்தான் என்றால், எந்த வழியில் போனால் என்ன? எனவே அது வேறு எங்கோ போய்ச் சேருகிற வழி. அந்த இடம் எது என்பதுதான் இங்கு என் கேள்வி. 2018-ல் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்பதால் எனக்கு இது வெறும் தர்க்க விவகாரமாக இல்லை.

தீர்மானத்திற்கு முந்திய நிலையைச் சொல்லிவிட வேண்டும். அப்போது என் எடை 118 கிலோ. பத்து வருஷத்துச் சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று திரும்பும் தொந்தரவு. இருபது வருஷங்களில் பலமுறை பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ என்று குறைத்திருக்கிறேன். குறைத்ததையெல்லாம் கூட்டினால் இன்னொரு ஆளின் எடை வரும். ஒவ்வொரு முறையும் போனது வட்டியோடு திரும்பி வந்தது. மனவுறுதி இல்லாதவன் என்று என்னைச் சொன்னவர்கள்மேல் கோபத்தைவிட எனக்குக் குழப்பமே அதிகம். இல்லாத ஒன்றைக்கொண்டு ஒருவன் எப்படி இத்தனை முறை குறைத்திருக்க முடியும்? இருந்தது என்றால், அது ஏன் ஒவ்வொரு முறையும் ஏழெட்டு மாதங்களில் செத்துப்போயிற்று?

இதற்கு எனக்குக் கிடைத்த முதல் வெளிச்சம், பருத்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சி எதிலிருந்தும் வரவில்லை. பட்டினியைப் பற்றிய ஒன்றிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-ன் இறுதியில் ஆன்ஸெல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவின் பட்டினி மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று அறிவது நோக்கம். சேர்ந்தவர்கள் எல்லோரும் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். ஒரு தேசமே யுத்தத்தில் இறங்கியிருக்கையில் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்கள். இவர்களுக்கு 24 வாரங்கள் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதி கொடுக்கப்பட்டது. உடல் எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. கூடவே வேறு பலவும் போயின. சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். கனவிலும் சாப்பாடு. கட்டுமீறித் தின்று சோதனையிலிருந்து விலக்கப்பட்டவர்களும் உண்டு. பிறகு தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள். போரை மறுக்க முடிந்த மனத்தால் ஒரு ரொட்டித்துண்டை மறக்க முடியவில்லை. இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. காரணம், அவர்கள் மெலிந்திருந்தார்கள்.

1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற சுரப்பை இரைப்பையில் கண்டுபிடித்தார்கள். இரைப்பையின் மேல்பகுதியில் மிகுதியாகச் சுரந்து, இரத்தத்தின் வழியே மூளைக்குப் போய்ப் பசி என்று சொல்வது இது. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் இரத்தத்தில் இது கூடிவிடுகிறது என்று 2002-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, நேர்வழியில் நடப்பவனுக்கு நடக்க நடக்கப் பாதை செங்குத்தாகிக்கொண்டே போகிறது. இரைப்பையைக் குழலாக்கும் அறுவையில், கிரெலின் சுரக்கும் மேல்பகுதியையும் சேர்த்து இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்குச் சற்று மேலாகவோ நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

திரும்ப முடியாது என்பதில்தான் தீர்மானத்தின் சங்கடம். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவன் பசியுள்ளவன். அந்தக் கையெழுத்தின் விளைவை வாழப்போகிறவன் பசியில்லாதவன். முன்னவனுக்குப் பின்னவனைத் தெரியாது. சாப்பாட்டின் நினைவு இல்லாமல் ஒரு காலைப்பொழுது எப்படி விடியும் என்று எனக்குக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. முடிந்திருந்தால் கத்தியே தேவைப்பட்டிருக்காது. தேர்ந்தெடுக்கிற விருப்பமே மாறிவிடப்போகிறது என்னும்போது தேர்வு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? சைரன்களின் பாட்டைத் தாண்டுவதற்காகத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்ன யுலிஸஸின் கதையை, யான் எல்ஸ்டர் 1979-ல் வெளியான தன் புத்தகத்தில், நாளைய பலவீனத்தை இன்றே கட்டிப்போடும் விவேகத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார். இந்தச் சிகிச்சைக்கும் இது பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது. யுலிஸஸ் பாட்டைக் கேட்டான், கயிற்றுக்குள் துடித்தான், அவனாகவே இருந்தான். கத்தி என்னை எதனோடும் கட்டவில்லை. காதில் மெழுகு அடைக்கப்பட்டுத் துடுப்பு வலித்தார்களே மாலுமிகள், அவர்களில் ஒருவன் நான். கேட்காத பாட்டுக்கு மசியாமல் இருந்ததில் மாலுமிக்கு என்ன பெருமை?

அப்படியிருந்தும் சம்மதித்தேன். என் தகப்பனார் சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு 52 வயதில் இறந்தார். எனக்கு அப்போது 46 நடந்துகொண்டிருந்தது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, எடைக்காக அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாதவர்கள் சுமார் 2,000 பேரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவு என்று 2007-ல் அறிவித்திருந்தது. தத்துவம் தயங்கி நின்ற இடத்தில் கணக்கு முடிவு செய்தது. சுயம் என்பதன் தொடர்ச்சியைப் பற்றி யோசிப்பதற்கும் ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே.

பிறகு பல மாதங்கள் பசி இல்லை. திருப்தி என்று அதைச் சொல்ல முடியாது. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்ற பிறகுதான் சத்தம் இருந்தது தெரிகிற மாதிரி. முதல் நாட்களில் 30 மில்லி தண்ணீரை வாய்வாயாகக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முட்டை, பருப்பு, மீன் முதலில். சோறு கடைசியில், இடமிருந்தால். நான்காம் மாதம் முடி கொட்டியது. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க. ஒன்றரை வருஷத்தில் 82 கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றது. முன்பு என்மேல் இருந்த குற்றச்சாட்டு, பசிக்காமலே தின்கிறான் என்பது. இப்போது நான் உண்ட ஒவ்வொரு கவளமும் பசிக்காமல் கடிகாரத்தைப் பார்த்து உண்டதுதான். இதைத்தான் எல்லோரும் கட்டுப்பாடு என்றார்கள்.

“என்ன கட்டுப்பாடு சார் உங்களுக்கு!” என்பார்கள். கட்டுப்பாடெல்லாம் இல்லை, ஆபரேஷன் என்பேன். முகம் மாறும். “ஓ, அப்படியா...” எடை அதே எடை. இரத்தத்தில் சர்க்கரையின் அளவும் அதேதான். ஒரு வாக்கியம் குறுக்கே வந்ததும் பாராட்டு மட்டும் திரும்பப் போய்விட்டது. அப்படியானால் அவர்கள் பாராட்டியது என் ஆரோக்கியத்தை இல்லை. நான் பட்டிருப்பேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்ட அவஸ்தையை. நேர்வழி போய்ச் சேரும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பருத்த உடம்பு ஒரு கடன். அதைத் துன்பத்தால்தான் அடைக்கவேண்டும். வேறு நாணயம் செல்லாது. கடன்பட்டவன் பிழைத்தானா என்பது கடன் கொடுத்தவன் கவலை இல்லை.

காஃப்கா 1922-ல் வெளியிட்ட ‘பட்டினிக் கலைஞன்’ கதையில், பட்டினி கிடப்பதையே கலையாக்கிக்கொண்டவன், சாகும் தருவாயில், தன்னைப் பாராட்டக்கூடாது என்கிறான். தனக்குப் பிடித்த உணவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் எல்லோரையும்போலத் தின்றிருப்பேன் என்பது அவன் சொல்லும் காரணம். இதைக் கலைஞனின் அந்நியமாதல் என்றே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். கத்திக்குப் பிறகு எனக்கு இது வெறும் உண்மைத் தகவலாகத் தெரிகிறது. அவனுக்குப் பட்டினி சுலபம். சுலபமானதைக் கஷ்டம் என்று நினைத்துச் சனங்கள் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

நம்மிடம் இதற்கு முன்னமே ஒரு கதை இருக்கிறது. மணிமேகலையில் வரும் காயசண்டிகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே கனி பழுக்கும் நாவல் மரத்தின் கனியை விருச்சிக முனிவன் வைத்துவிட்டு நீராடப் போகிறான். பொதிய மலைப் பக்கம் வந்த வித்தியாதரப் பெண் அதைத் தெரியாமல் காலால் சிதைத்துவிடுகிறாள். யானைத்தீ என்ற பசிநோய் பன்னிரண்டு ஆண்டுக்கு அவளைப் பற்றும்படி முனிவன் சபிக்கிறான். எவ்வளவு உண்டும் தீராத பசி. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அவளுடைய பசிக்கு முன்னால் பெருந்தீனி என்ற குற்றம் எதுவும் இல்லை. கால் பட்ட இடம் தவறிவிட்டது, அவ்வளவுதான். மணிமேகலையும் அவளுக்கு அடக்கம் போதிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போடுகிறாள், பிணி தீர்கிறது. இரண்டாவது, யாரும் அதிகம் பேசாதது: அந்தக் கனியை உண்டவருக்குப் பன்னிரண்டு ஆண்டு பசியே இராது. முனிவனின் பட்டினிக்குப் பின்னால் ஒரு பழம் இருந்திருக்கிறது. அது கிடைக்காமல் போனதும் வந்த கோபத்தைப் பாருங்கள். உணவைத் துறந்தவன் என்று நாம் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேர் பசியை ஜெயித்தவர்கள், எத்தனை பேர் பழம் கிடைத்தவர்கள்? ஒல்லியாகப் பிறந்து ஒல்லியாகவே இருந்துவிட்ட என் நண்பர்கள் சிலர் எனக்கு உபதேசம் செய்தபோதெல்லாம் அந்தப் பழத்தின் வாசனை அடித்தது.

எல்லாம் சுரப்பிகளின் விளையாட்டு என்று முடித்துக்கொள்ள எனக்குச் சம்மதம் இல்லை. மூன்றாம் வருஷத்தில் பசி மெல்லத் திரும்பியது. மெழுகு உருகிற்று. எடை 89-க்கு ஏறி அங்கே நிற்கிறது. இடைப்பட்ட அந்த நிசப்தத்தில் ஒன்று தெளிவாகியிருந்தது: பசி போனபிறகும் உணவின் மேல் மிச்சமிருந்தவை. சாயங்கால வெறுமை. வீட்டில் சண்டை நடந்த இரவு. இலையில் இன்னொரு கரண்டி சோறு போட வரும் பெரியம்மாவின் கை. “ஏண்டா, நல்லா இல்லையா?” என்ற கேள்வியில் இருக்கும் பயம். இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருந்தேன், பசி என்று. கத்தி அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வெளிச்சத்தில் விட்டுவிட்டுப் போயிற்று. உணவு ஒன்றையே ஆறுதலாகக் கொண்டவர்களுக்கு இந்த வெளிச்சம் ஆபத்தானது. புறவழி அறுவை செய்துகொண்டவர்களிடையே இரண்டாம் வருஷத்தில் குடியின் பிடி அதிகரிக்கிறது என்று 2012-ல் ஓர் ஆய்வு சொல்லிற்று. காயசண்டிகையும் பிணி தீர்ந்து ஊர் திரும்பும் வழியில்தான் விந்தமலைக்கு மேலே பறந்து விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போகிறாள். தன் வயிற்றிலிருந்து தப்பியவள் இன்னொரு வயிற்றில் அடங்கிப்போனாள்.

ஆகவே பொறுப்பு என்பது மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பசியை மறுத்தேனா என்ற கேள்வி என்னுடையது அல்ல. அந்தப் பசியை நான் உண்டாக்கவில்லை. இந்த நிமிஷம் என்னை இழுப்பது எது என்று பார்த்தேனா என்பது என்னுடையது. பெரியம்மாவின் கரண்டிக்கு நான் இப்போது இரண்டு வாய் இடம் வைத்துக்கொள்கிறேன். அது பசிக்காக உண்பது அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்து உண்கிறேன். கட்டுப்பாடு என்ற சொல்லைவிடக் கவனம் என்ற சொல் இதற்குக் கிட்ட வருகிறது.

இப்போது வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. செமாக்ளூடைட் என்ற மருந்து எடைக் குறைப்புக்கென்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2025-ல் இந்தியாவில் அதற்காகவே விற்பனைக்கு வந்தது. வெட்டாமலே பாட்டின் சத்தத்தைக் குறைக்கிறது. நிறுத்தினால் பாட்டு திரும்புகிறது. என் தீர்மானம் ஒருமுறை எடுத்தது. ஊசி போட்டுக்கொள்பவன் வாராவாரம் பசியுள்ளவனாகவும் பசியில்லாதவனாகவும் நின்று முடிவு செய்யவேண்டியிருக்கும். அவனையும் குறுக்குவழிக்காரன் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மருந்து மாறுகிறது, சொல் மாறவில்லை. பசித்தவனிடம் நீ ஏன் பசித்தாய் என்று கேட்கக்கூடாது என்பது இந்த மொழியில் பழைய அறம். அதற்குள் பருத்தவனை நாம் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.